ரியாக்டிவ் கருப்புச் சாயத்தண்ணி: மொட்டைமாடி வெயிலும் டைட்டானியமும் வெச்சுக் கலரை எடுக்க முடியுமா?

#1 சாயத்தொட்டி

பழைய வண்ணாரப்பேட்டைல சின்ன காட்டன் டையிங் யூனிட். கழிவுத்தண்ணி ஒரு நாளைக்கு 1000 லிட்டர். முக்கால்வாசி ரியாக்டிவ் கருப்பும் நேவியும்தான். எல்லாத் தண்ணியும் ஒரே தொட்டிக்கு வருது. பி.எச். 10.5, சிஓடி (கரிம அழுக்கை எரிக்கத் தேவையான ஆக்சிஜன்) லிட்டருக்கு 500 மி.கி. சுமார், டிடிஎஸ் (கரைஞ்சிருக்கிற உப்பு) 6000. படிகாரமும் சுண்ணாம்பும் போட்டா சேறு வருதே தவிர மேல்தண்ணி இங்க் மாதிரியே நிக்குது. டைட்டானியம் பவுடரும் வெயிலும் இருந்தா சாயம் தானே கரைஞ்சிடும்னு ஒரு வீடியோல காட்டறாங்க. 600 சதுர அடி மொட்டைமாடி காலியா இருக்கு. ஆகுமா? என்ன அளவு, என்ன செலவு?

#2 மணலி_ஈடிபி

முதல்ல படிகாரம் ஏன் தோத்துச்சுன்னு பார்த்துடுவோம். ரியாக்டிவ் சாயத்துல சல்ஃபோனேட் குரூப் நிறைய. தண்ணியில முழுசாக் கரைஞ்சு நிக்கும், துகளா இருக்காது. படிகாரம் பிடிக்கிறது துகளை. டிஸ்பெர்ஸ், வேட் சாயமா இருந்தா நல்லாவே வேலை செஞ்சிருக்கும். அதோட பி.எச். 10.5ல அலுமினியம் ஹைட்ராக்சைடு திரும்பக் கரைஞ்சு அலுமினேட்டா போயிடும். அந்த பி.எச்.ல படிகாரம் கொட்டுறதே வீண். 6.5க்கு இறக்கிப் போட்டாத்தான் ஃபிளாக் (அழுக்கைச் சேர்த்துப் பிடிக்கிற கட்டி) நிக்கும்.

டைட்டானியம் பத்தி பி25 சொல்லட்டும். அவர் சொன்னப்புறம் நான் கணக்கோட வர்றேன்.

#3 பி25

வேலை நடக்கும் விதம் இதுதான். அனடேஸ் வகை டைட்டானியம் டை ஆக்சைடின் பட்டை இடைவெளி, அதாவது எலெக்ட்ரானை மேலே தூக்கத் தேவையான ஆற்றல், 3.2 எலெக்ட்ரான் வோல்ட். 387 நானோமீட்டருக்குக் கீழே உள்ள ஒளி பட்டால்தான் எலெக்ட்ரான் மேலே எழும்பி, கீழே துளை (எலெக்ட்ரான் போன காலி இடம்) உண்டாகும். துளை தண்ணீரையும் ஹைட்ராக்சைடையும் தாக்கி ஹைட்ராக்சில் ராடிக்கலைத் தரும்; சாயத்தை அறுப்பது அதுதான். எலெக்ட்ரானைக் கரைந்திருக்கும் ஆக்சிஜன் வாங்கிக்கொள்ளும். ஆக்சிஜன் வாங்காவிட்டால் எலெக்ட்ரான் திரும்பித் துளையிலேயே விழுந்து எல்லாம் வெப்பமாகப் போய்விடும். அதனால் காற்றூட்டம் கட்டாயம்.

வெயிலின் மொத்த ஆற்றலில் புற ஊதாப் பங்கு 4–5 சதம்தான். மீதி 95 சதம் டைட்டானியத்துக்கு இருந்தும் இல்லாததுபோல.

அளவு: லிட்டருக்கு 0.5 முதல் 1 கிராம். அதற்கு மேல் போட்டால் பால்போல வெளுத்து, மேல் ஒரு சென்டிமீட்டரிலேயே ஒளி நின்றுவிடும். கீழே கிடக்கும் பவுடருக்கு வேலை இல்லை. நான் பெயராக வைத்திருக்கும் பி25 வகை, அனடேஸும் ரூட்டைலும் (டைட்டானியம் டை ஆக்சைடின் இன்னொரு படிக வகை) ஏறத்தாழ 80க்கு 20 கலந்தது. கிராமுக்கு 50 சதுர மீட்டர் பரப்பு.

பி.எச். முக்கியம். டைட்டானியத்தின் மேற்பரப்பு மின்னூட்டம் 6.3 அருகே சுழியாகும். அதற்குக் கீழே நேர்மின், மேலே எதிர்மின். ரியாக்டிவ் சாயமும் எதிர்மின். உங்கள் 10.5ல் இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கும். 4–5க்கு இறக்க வேண்டும். இறக்கினால் இன்னொரு லாபம்: ஹைட்ராக்சில் ராடிக்கலைத் தின்னும் கார்பனேட்டும் பைகார்பனேட்டும் வாயுவாகப் போய்விடும்.

#4 மணலி_ஈடிபி

நன்றி. இப்போ கணக்கு. முதல்ல வெயிலுக்குப் பதிலா புற ஊதா எல்இடி லைட் வெச்சா என்ன ஆகும்னு பார்ப்போம். லைட் விக்கிறவன் யாரும் இதைப் போட்டுக் காட்ட மாட்டான்.

சிஓடி 500 மி.கி. அப்படின்னா லிட்டருக்கு 500 மி.கி. ஆக்சிஜன் தேவை. 32ஆல வகுத்து 4ஆல பெருக்குங்க: லிட்டருக்கு 62.5 மில்லிமோல் எலெக்ட்ரானைப் பிடுங்கணும். 1000 லிட்டருக்கு 62.5 மோல்.

365 நானோமீட்டர் ஒளி ஒரு யூனிட், அதாவது ஒரு கிலோவாட் மணி, சுமார் 11 மோல் ஃபோட்டான். நூறு ஃபோட்டான் விழுந்தா ஒண்ணுதான் உருப்படியா வேலை செய்யும்னு வெச்சுக்குவோம். அழுக்குத் தண்ணிக்கு அதுவே தாராளம். அப்போ ஒரு யூனிட் ஒளிக்கு 0.11 மோல். 62.5ஐ 0.11ஆல வகுத்தா 568 யூனிட் ஒளி. எல்இடி கரண்ட்டுல 40 சதம்தான் ஒளியாகும். ஆக 1420 யூனிட் கரண்ட், ஒரே ஒரு கிலோலிட்டருக்கு. யூனிட் எட்டு ரூபான்னு வெச்சாக்கூட 11,000 ரூபாய்க்கு மேல.

சரி, கரண்ட் வேணாம், வெயில்னு சொல்றீங்க. சதுர மீட்டருக்கு 30 வாட் புற ஊதா, ஆறு மணி நேரம்: 0.18 யூனிட், 2 மோல் ஃபோட்டான், 0.02 மோல் வேலை. உங்க 600 சதுர அடி 55 சதுர மீட்டர். மொத்தம் 1.1 மோல். 62.5 மில்லிமோலால வகுங்க: 17.6 லிட்டர். மாடி பூரா விரிச்சு வெச்சாலும் ஒரு நாளைக்கு ஒரு குடம் தண்ணிதான் சுத்தமாகும்.

#5 சாயத்தொட்டி

ஒரு குடமா? அப்போ வீடியோல பீக்கர் ஒரு மணி நேரத்துல வெள்ளையாகுதே, அது என்ன?

#6 பி25

மணலி சாரின் கணக்கில் எண் பிழை இல்லை. ஆனால் எடுத்த கேள்வி கடினமானது. அவர் கேட்டது முழு எரிப்பு, அதாவது சாயம் கார்பன் டை ஆக்சைடு ஆகும் வரை. நிறம் போவதற்கு அவ்வளவு தேவையில்லை. நிறம் தரும் அஸோ பிணைப்பு (இரண்டு நைட்ரஜன் அணுக்களின் இரட்டைப் பிணைப்பு) அறுந்தால் நிறம் போய்விடும்.

ரியாக்டிவ் பிளாக் 5 எடுத்துக்கொள்ளுங்கள். மூலக்கூறு எடை 991. கடைசி அலசல் தண்ணீரில் 20 மி.கி. இருந்தால் லிட்டருக்கு 0.02 மில்லிமோல். ஒரு மூலக்கூறுக்குப் பத்து எலெக்ட்ரான் என்று தாராளமாக வைத்தாலும் 0.2 மில்லிமோல். அதே 0.02 மோலில் சதுர மீட்டருக்கு 100 லிட்டர். உங்கள் மாடிக்கு 5500 லிட்டர். அதே வெயில், அதே பவுடர், 300 மடங்கு வித்தியாசம்.

உப்பு, சோப்பு, சைசிங் மாவு எல்லாம் ராடிக்கலைப் பங்கு கேட்கும். அதனால் களத்தில் இதில் பாதி கிடைத்தாலே நல்லது. இன்னொன்று, ஆக்சிஜன் சேர்ந்து பெராக்சில் ராடிக்கல் சங்கிலி ஓடும் என்பதால் எலெக்ட்ரானுக்கு எலெக்ட்ரான் கணக்கு சற்றுக் கடுமை. அதை வைத்துக் குடத்தை ட்ரம் ஆக்கலாம்; தொட்டி ஆக்க முடியாது.

#7 ராயபுரம்_லேப்

வீடியோ பீக்கருக்கு வர்றேன். அதுல இருக்கிறது பெரும்பாலும் மெத்திலீன் புளூ, 10 மி.கி., காய்ச்சி வடிச்ச தண்ணி. நம்ம பக்கத்து உப்பு போர் தண்ணி இல்ல. மெத்திலீன் புளூ மூணு வழியில ஏமாத்தும்:

ஒண்ணு, பவுடர்லயும் டப்பா சுவர்லயும் ஒட்டிக்கும். இரண்டு, அதுவே கண்ணுக்குத் தெரியிற ஒளியை வாங்கி எலெக்ட்ரானை டைட்டானியத்துக்குத் தள்ளி தன்னைத்தானே சிதைச்சுக்கும். இதை வெச்சு "கண்புலன் ஒளியில வேலை செய்யற கேட்டலிஸ்ட்"னு சொல்றது செல்லாது. மூணு, ஆக்சிஜன் தீர்ந்தா நிறமில்லாத லூகோ வடிவத்துக்குப் போயிடும். மூடின பாட்டில்ல தெளிஞ்ச மாதிரி நிக்கும். மூடியத் திறந்து நாலு குலுக்கு குலுக்குங்க, நீலம் திரும்பி வரும். அப்படி வந்தா சாயம் போகல, ஒளிஞ்சுக்கிட்டுதான் இருந்துச்சு.

அதனால எதைச் சோதிச்சாலும் நாலு டப்பா வைங்க. ஒண்ணு, பவுடரும் வெயிலும்; ரெண்டு, பவுடர் உண்டு, வெயில் இல்ல; மூணு, வெயில் உண்டு, பவுடர் இல்ல; நாலு, ரெண்டும் இல்ல. பவுடர் போட்டதை முதல்ல அரை மணி நேரம் இருட்டுல கலக்கி, அப்புறம் எடுக்கிற அளவுதான் ஆரம்ப அளவு.

ரியாக்டிவ் பிளாக் 5க்கு ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர்ல (ஒளி உறிஞ்சலை அளக்கிற கருவி) 597 நானோமீட்டர்ல நிறம் பாருங்க, 310லயும் பாருங்க. 597 சரசரன்னு இறங்கும். 310 நாஃப்தலீன் வளையம், அது மெதுவாத்தான் இறங்கும். 597 போய் 310 நின்னா கலர்தான் போச்சு, சரக்கு உள்ளேயே இருக்கு. கண்ணுக்கு அது கருநீலத்துல இருந்து பழுப்பு, வெளிர் மஞ்சள்னு போகும். மஞ்சள்லயே நின்னுட்டா அரோமேட்டிக் அமீன் (அஸோ சாயம் உடைஞ்சா வரக்கூடிய நச்சுப் பொருள்) சந்தேகம் உண்டு.

வடிகட்டும்போது 0.2 மைக்ரான் ஃபில்டர். முதல் 2 மில்லி கீழே விடுங்க, ஃபில்டரே சாயத்தை உறிஞ்சும். 800 நானோமீட்டர்லயும் ஒரு தடவை படிங்க. அங்க எந்தச் சாயமும் உறிஞ்சாது. அங்க எண் காட்டினா பவுடர் தப்பி வந்திருக்குன்னு அர்த்தம்.

#8 சாயத்தொட்டி

சோதனை போட்டாச்சு. சவுகார்பேட்டைல வாங்கின வெள்ளை டைட்டானியம், லிட்டருக்கு 5 கிராம். நீல பிளாஸ்டிக் டப்பால 20 லிட்டர், ஒரு அடி ஆழம். மழை, தூசிக்காக மேல பாலிகார்பனேட் ஷீட். பி.எச். இறக்கல. காலை 10ல இருந்து 4 வரை. 597ல 0.92 இருந்தது 0.88. இருட்டு டப்பாலயும் 0.88. அதாவது ஒண்ணுமே நடக்கல.

#9 பி25

எண்ணோடு வந்தீர்கள், அதுவே பாதி விடை. தவறுகள் வரிசையாகத் தெரிகின்றன.

பவுடர்: கடையில் "டைட்டானியம்" என்று கேட்டால் பெயின்ட் ரகம் தருவார்கள். அது பெரும்பாலும் ரூட்டைல். மேலே சிலிக்காவும் அலுமினாவும் பூசியிருக்கும். டைட்டானியம் வெயிலில் பெயின்ட் பிசினைத் தின்று சுவரில் வெள்ளைப் பொடி உதிர வைக்கும். அதைத் தடுக்கத்தான் பூச்சு. நமக்கு வேண்டிய குணத்தை அவர்கள் காசு செலவழித்துக் கொன்று வைத்திருக்கிறார்கள். பூச்சில்லாத அனடேஸ் என்று எழுதிக் கேட்டு வாங்குங்கள்.

மூடி: பாலிகார்பனேட் சுமார் 385 நானோமீட்டருக்குக் கீழே உள்ள ஒளியை விடாது. உங்கள் டப்பாவுக்குள் வெளிச்சம் இருந்தது, வேலை செய்யும் ஒளி இல்லை. சாதாரணக் கண்ணாடி சுமார் 350க்கு மேல் உள்ள ஒளியை விடும், அது போதும்.

ஆழம்: ஒரு அடி. 5 கிராம் பவுடரும் கருப்புச் சாயமும் சேர்ந்தால் ஒளி சில மில்லிமீட்டருக்கு மேல் இறங்காது. 5 செ.மீ.க்கு மேல் வேண்டாம், 1 கிராம் போதும்.

பி.எச். ஏற்கெனவே சொன்னது. இந்த நான்கில் எது ஒன்று இருந்தாலும் சோதனை படுத்திருக்கும். உங்களிடம் நான்கும் இருந்தன.

பவுடரைக் கையாளும்போது முகக்கவசம் போடுங்கள். மூச்சில் போகும் டைட்டானியம் தூசியைப் புற்றுநோய்க்கு வாய்ப்புள்ள 2பி பிரிவில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. தண்ணீரில் குழைத்துவிட்டால் தூசி பறக்காது.

#10 ராயபுரம்_லேப்

20 நானோமீட்டர் பவுடரை 1000 லிட்டர்ல இருந்து தினமும் திரும்ப எடுக்கிறது தலைவலி. பி.எச். 6.3க்கு ஏத்தினா மின்னூட்டம் போய் தானே கட்டிக்கட்டியா சேரும். ராத்திரி முழுக்க விட்டா அடியில படியும். ஆனாலும் மேல்தண்ணி லேசா மங்கலாத்தான் இருக்கும். அதனால பவுடரைத் தண்ணில கலக்காம, டைல் மேல பூசித் தட்டா வைக்கிறது நல்லது.

30 செ.மீ. சதுரத்துல கிளேஸ் இல்லாத தரை டைல் 8. மொத்தம் 0.72 சதுர மீட்டர். 10 கிராம் அனடேஸ் நேனோ பவுடர், 200 மில்லி காய்ச்சி வடிச்ச தண்ணி, நைட்ரிக் அமிலம் சொட்டு சொட்டா விட்டு பி.எச். 2.5. அல்ட்ராசோனிக் தொட்டில அரை மணி. மெல்லிசா ஸ்ப்ரே, காய வை, திரும்ப ஸ்ப்ரே, மூணு தடவை. கெட்டியா ஒரே தடவை அடிச்சா சேறு காயற மாதிரி வெடிச்சு உரியும். அப்புறம் சூளைல 475 டிகிரி, ஒரு மணி நேரம். கதவைத் திறக்காம அப்படியே ஆற விடணும். 600ஐத் தாண்டினா அனடேஸ் ரூட்டைலா மாற ஆரம்பிக்கும். ஆறினப்புறம் ஈர விரலால தேய்ங்க. விரல்ல வெள்ளை வந்தா பூச்சு டைல்ல பிடிக்கல, திரும்பச் சுடணும்.

டைலுக்குப் பதிலா ஜன்னல் கண்ணாடில பூச வேணாம். அந்தச் சூட்டுல கண்ணாடியில இருக்கிற சோடியம் பூச்சுக்குள்ள ஏறி வேலையக் கெடுக்கும்.

தட்டு தெற்குப் பார்த்து 13 டிகிரி சாய்வு, சென்னை அட்சரேகை அளவுக்கு. மேல 2 செ.மீ.க்கு ஒரு 2 மி.மீ. ஓட்டை போட்ட பிவிசி குழாய், கீழ 20 லிட்டர் தொட்டி, ஏர்கூலர் பம்ப். தண்ணி மெல்லிசா வழிஞ்சு வரும்போதே காத்தும் கலந்துடும், தனி ஏரேட்டர் வேணாம். ஆவியாகிறதால சாய அளவு கூடிக் காட்டும். மட்டத்தைக் கோடு போட்டு வெச்சு, படிக்கிறதுக்கு முன்னாடி காய்ச்சி வடிச்ச தண்ணியால நிரப்புங்க. எண்ணூர் பக்கத்துச் சாம்பல், கடல் உப்புன்னு நம்ம ஊர்ல எல்லாம் படியும். தினமும் காலைல ஒரு தடவை நல்ல தண்ணி விட்டுக் கழுவணும்.

#11 எண்ணூர்க்காத்து

ஜிங்க் ஆக்சைடு விலை கம்மி, பட்டை இடைவெளியும் கிட்டத்தட்ட அதே. அதை ஏன் யாரும் சொல்லல?

#12 பி25

முதல் நாள் டைட்டானியத்தைவிட வேகமாகக்கூட ஓடும். ஆனால் ஒளி பட்டதும் துளை தன் சொந்த ஆக்சைடையே தாக்கும். அமிலத்தில் கரையும், கடும் காரத்திலும் கரையும். நாம் பி.எச். 4க்கு இறக்கப் போகிறோம், அங்கே அது நிற்கவே நிற்காது. ஆற்று நீர்நிலைக்கு விடும் கழிவில் துத்தநாகத்துக்கு லிட்டருக்கு 5 மி.கி. வரம்பு உண்டு. சாயத்தை எடுக்கப் போய்த் துத்தநாகத்தைக் கொடுப்பதில் லாபமில்லை.

#13 மணலி_ஈடிபி

இப்போ மெயின் தண்ணிக்கு வருவோம். சிஓடி 500ஐ ஃபோட்டானால அடிச்சா கட்டாதுன்னு பார்த்தோம். அதையே ஹைட்ரஜன் பெராக்சைடால அடிச்சா? 1 மி.கி. சிஓடிக்கு 2.125 மி.கி. பெராக்சைடு. 1000 லிட்டருக்கு 1.06 கிலோ, 50 சதச் சரக்குல 2.1 கிலோ. 1420 யூனிட் கரண்ட்டையும் 2 கிலோ பெராக்சைடையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. பிளீச்சிங் பண்ற ஆள்கிட்ட அது கேன்லயே இருக்கும்.

தனி பெராக்சைடு சும்மா நிக்கும். கூட இரும்பு வேணும். இரும்பும் பெராக்சைடும் சேர்ந்தா அது ஃபென்டன் முறை, கூடவே வெயில் இருந்தா ஃபோட்டோ ஃபென்டன். இரும்பு 50 மி.கி.ன்னா ஃபெரஸ் சல்ஃபேட் 1000 லிட்டருக்கு 250 கிராம். வெயிலோட வேலை மூணாம் நிலைக்குப் போன இரும்பைத் திரும்ப ரெண்டாம் நிலைக்குக் கொண்டு வர்றது. இதுக்கு 400 நானோமீட்டர் தாண்டின ஒளியும் உதவும்; டைட்டானியம் மாதிரி 387ஓட நிக்காது.

முறை:
பி.எச். 2.8. உங்க தண்ணில சோடா ஆஷ் 2 கிராம் இருந்தா அதுக்கு மட்டும் கிலோலிட்டருக்கு 1.85 கிலோ சல்ஃப்யூரிக், நூறு சதக் கணக்குல. மெதுவா ஊத்துங்க, வாயு கிளம்பி நுரை தொட்டியத் தாண்டும், கால் பங்கு காலி இடம் விடணும்.
ஃபெரஸ் சல்ஃபேட்டை முதல்ல கரைங்க. பெராக்சைடை ஒரே மூச்சுல கொட்டாதீங்க. அரை மணிக்கு ஒரு பங்குன்னு நாலு பங்கு. ஒரேயடியா கொட்டினா மிச்ச பெராக்சைடே ஹைட்ராக்சில் ராடிக்கலைத் தின்னுடும்.
பி.எச். 4ஐத் தாண்டினா இரும்பு துருவா விழுந்து எல்லாம் நின்னுடும்.
முடிஞ்சப்புறம் காஸ்டிக்ல 8க்கு ஏத்தினா இரும்பு ஹைட்ராக்சைடா இறங்கும், கிலோலிட்டருக்கு காஞ்ச எடை 100 கிராம் அளவுல. சுண்ணாம்புல ஏத்தினா ஜிப்சமும் சேர்ந்து விழும். சேறு பல மடங்கு.

பெராக்சைடு, அமிலம், ஃபெரஸ் மூணையும் ஒரே அலமாரில வைக்காதீங்க. பெராக்சைடு கேன்ல ஒரு சிட்டிகை துரு விழுந்தாலே பொங்கி மூடி பறக்கும்.

#14 ராயபுரம்_லேப்

இதுல சிஓடி சோதனை ஏமாத்தும். மிச்சமான பெராக்சைடு டைக்ரோமேட்டை (சிஓடி அளக்கப் போடற ரசாயனம்) சாப்பிட்டுடும்; 1 மி.கி. பெராக்சைடு 0.47 மி.கி. பொய் சிஓடி காட்டும். 300 மி.கி. மிச்சம் இருந்தா 141 சிஓடி சும்மா ஏறும், "ஃபென்டன் வேலைக்காகல"ன்னு தூக்கிப் போட்டுடுவாங்க. பெராக்சைடு ஸ்ட்ரிப்ல பூஜ்யம் காட்டினப்புறம்தான் சிஓடி வைக்கணும். குளோரைடும் கூட்டிக் காட்டும், மெர்க்குரிக் சல்ஃபேட் குளோரைடுக்குப் பத்து மடங்கு எடைல போடணும்.

டை பாத்துக்கு (துணிக்குச் சாயம் ஏத்துற தண்ணி) என்ன உப்பு போடறீங்க?

#15 சாயத்தொட்டி

சாதா உப்பு. லிட்டருக்கு 60 கிராம். கருப்புக்கு.

#16 பி25

முடிந்தால் கிளாபர் சால்ட்டுக்கு (சோடியம் சல்ஃபேட்) மாறுங்கள். அமில பி.எச்.சில் குளோரைடு ஹைட்ராக்சில் ராடிக்கலைப் பிடித்துக் குளோரின் ராடிக்கலாக மாற்றும். வேகம் குறைவது ஒரு பக்கம். குளோரின் ஒட்டிய கரிமப் பொருள் புதிதாக உண்டாவது இன்னொரு பக்கம், அது மூலச் சாயத்தைவிட மோசம். சல்ஃபேட்டும் இரும்பையும் டைட்டானியம் பரப்பையும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும்தான், ஆனால் அந்த அளவு கெடுதல் இல்லை.

#17 மணலி_ஈடிபி

இதெல்லாம் கலருக்கும் சிஓடிக்கும்தான். உப்பு ஒரு கிராம் கூடக் குறையாது, அமிலமும் காஸ்டிக்கும் ஊத்தினதால ஏறத்தான் செய்யும். டிடிஎஸ் வரம்பு 2100, உங்களுது 6000. திருப்பூர்ல 2011 ஜனவரில ஐகோர்ட் உத்தரவுல சாயப்பட்டறை மொத்தமா நின்னது இந்த உப்பையும் சேர்த்துத்தான்.

அதனால தொட்டியப் பிரிங்க. டை பாத்தும் முதல் அலசலும் தனி. அளவுல கொஞ்சம், உப்புல பெரும்பங்கு அதுலதான். அதை ஃபென்டன் பண்ணி ஆவியாக்கணும், இல்ல கன்சென்ட் (மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி) இருக்கிற இடத்துக்கு டேங்கர்ல அனுப்பணும். கடைசி ரெண்டு அலசல் தனி. உப்பு கம்மி, சாயம் 20 மி.கி. அளவு. டைட்டானியம் தட்டுக்குப் பொறந்த தண்ணி அதுதான். அதைத் தெளிய வெச்சுத் திரும்ப முதல் அலசலுக்கே விடலாம், கால்வாய்க்கு எதுவும் போக வேணாம். கேப்டன் காட்டன் கால்வாய்ல ஊத்தினா யாருக்குத் தெரியும்னு கேக்கிற ஆள் இந்த இழைல இல்லைன்னு நம்பறேன்.

#18 சாயத்தொட்டி

புரிஞ்சுது. வால்வு வெச்சு ரெண்டு தொட்டி பிரிக்கிறோம். கடைசி அலசல் 450 லிட்டர் வரும். களத்துல பாதின்னு சதுர மீட்டருக்கு 50 லிட்டர் வெச்சா 9 சதுர மீட்டர், 100 டைல். முதல்ல 8 டைல்ல ஓட்டிப் பார்த்துட்டு 597, 310 ரெண்டும் போடறேன். ஃபென்டன் சேறு எங்க போடறது?

#19 மணலி_ஈடிபி

குப்பைவண்டில போடக் கூடாது. ஈடிபி (கழிவுநீர்ச் சுத்திகரிப்பு) கெமிக்கல் சேறு அபாயக் கழிவு கணக்குல வரும். பிழிஞ்சு காய வெச்சு, மழை படாம மூடி, மூட்டையில தேதியும் எடையும் எழுதி வைங்க. கும்மிடிப்பூண்டில அதுக்கான புதைநிலம் இருக்கு, வாரிய அனுமதிச் சீட்டோடதான் வாங்குவாங்க.

#20 ராயபுரம்_லேப்

8 டைல் ஓட்டும்போது பக்கத்துலயே பூசாத 8 டைல், அதே பம்ப், அதே வெயில். கிளேஸ் இல்லாத டைல் முதல் ரெண்டு நாள் சாயத்தைக் குடிக்கும். மூணாம் நாள்ல இருந்து வர்ற எண்ணை மட்டும் இங்க போடுங்க.